வற்றம் பார்த்து இறங்குங்கள்: சிங்கப்பூரில் கடற்புல் பார்க்கப் புதிதாக வருவோருக்கு

சாங்கிக் கடற்கரையில் நீர் வற்றிய விடியற்காலைகளில் புதியவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்குவேன். காலடியில் பச்சையாக எதையாவது பார்த்ததும் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “அக்கா, இது பாசிதானே?”

பாசி இல்லை, கடற்புல். வேர் உண்டு, மண்ணுக்குள் கிடையாக ஓடும் தண்டு உண்டு, நரம்போடிய இலை உண்டு. பூக்கும், காய்க்கும், விதை போடும். நெல்லும் தென்னையும் சேர்ந்த ஒருவித்திலைத் தாவரங்களின் பெரிய கூட்டத்தில்தான் இதுவும் இருக்கிறது. நிலத்துச் செடிகளின் சில வம்சங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலுக்குத் திரும்பிப் போய், உப்புநீருக்கு அடியிலேயே பூத்துக் காய்க்கப் பழகிக்கொண்டன. கடற்பாசிக்கு வேரும் கிடையாது, பூவும் கிடையாது. நோன்பு மாதத்தில் நம் வீடுகளில் காய்ச்சி ஊற்றுகிற கடல்பாசி அந்தப் பாசியிலிருந்து வருவது. பெயர் ஏற்கெனவே வாயில் இருப்பதால் கடலில் பச்சையாக எதைப் பார்த்தாலும் அதையே சொல்லிவிடுகிறோம்.

சிங்கப்பூரில் 12 வகைக் கடற்புற்கள் பதிவாகியிருக்கின்றன. இவ்வளவு சின்னத் தீவுக்கு இது பெரிய எண்ணிக்கை. அவற்றில் சிலவற்றைப் படகோ முக்குளிப்புப் பயிற்சியோ இல்லாமல், மூடிய காலணி மாட்டிக்கொண்டு நடந்தே போய்ப் பார்க்கலாம். எப்படிப் போவது, எங்கே பார்ப்பது, பார்த்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்பதை இதுவரை சேற்றில் கால் வைக்காதவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் கடல்குதிரையைத் தேடுகிறார்கள். கிடைக்காவிட்டால் ஏமாந்து திரும்புகிறார்கள். நீங்கள் முதல் நாள் தேடவே வேண்டாம். ஒரு முழத்துக்கு ஒரு முழம் சதுரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பத்து நிமிடம் பாருங்கள். கீழே சொல்லப்போவதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்கான ஏற்பாடுதான்.

நாள் குறிப்பது

இடத்தைவிட நாள் முக்கியம். கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பினால் கடலைத்தான் பார்ப்பீர்கள், புல்லை அல்ல.

இங்கே ஒரு நாளைக்குப் பெரும்பாலும் இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. பழந்தமிழில் இந்த இரண்டு நாட்களுக்கும் சேர்த்து உவா என்று ஒரே சொல் இருந்தது. கடலோரத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பது ஓத அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு நாள் தேடும்போது எனக்குப் புரிகிறது.

தேசிய சுற்றுப்புற வாரியத்தின் வானிலை இணையத்தளத்தில் ஓத நேரங்கள் இருக்கின்றன. நேரத்தையும் உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள். உயரம் 0.5 மீட்டருக்கு மேல் இருந்தால் புல் திட்டு தண்ணீருக்குள்தான் இருக்கும். 0.3 மீட்டரோ அதற்குக் கீழோ இருந்தால் நல்ல நாள். 0.1 என்று பார்த்தீர்களானால் வேறு வேலையை ஒத்திவைத்துவிட்டு வாருங்கள்.

ஏறத்தாழ ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை பெரிய வற்றம் விடியலுக்கு முன்போ காலையிலோ வரும். ஆண்டுக் கடைசியிலும் அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலும் அது மாலைக்கும் இரவுக்கும் போய்விடும், கூடவே பருவமழையும் வந்துவிடும். அதனால் புதியவர்களுக்கு ஆண்டின் நடுப்பகுதியைத்தான் சொல்வேன். வற்ற நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று அதிகாலை 5 மணி என்றால், இரண்டு நாள் கழித்து ஏழு மணிக்குப் பக்கத்தில் வரும். இருட்டில் இறங்கத் தயங்குகிறவர்கள் உவா நாளிலிருந்து இரண்டு மூன்று நாள் தள்ளிப் பாருங்கள், உயரம் கொஞ்சம் கூடியிருந்தாலும் வெளிச்சம் இருக்கும்.

அட்டவணையில் போட்டிருக்கும் வற்ற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கரையில் இருங்கள். இறங்குகிற நீரைத் தொடர்ந்து போக வேண்டும், ஏறுகிற நீருக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும்.

எங்கே போவது

முதல் தடவைக்குச் சாங்கிக் கடற்கரைப் பூங்கா. தானா மேரா எம்ஆர்டி நிலையத்திலிருந்து 2 ஆம் எண் பேருந்து சாங்கி வில்லேஜ் வரை வரும். விடியலுக்கு முன் போவதானால் டாக்சியோ நண்பரின் காரோதான் வழி. வெறும் மணல்போலத் தெரிகிற கரைதான். நன்றாக வற்றும்போது அதற்கு அப்பால் புல் திட்டுகள் வெளியே வரும்.

இரண்டாவது, புலாவ் உபினின் கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவா. சாங்கி முனைப் படகுத்துறையில் பம்போட் என்கிற சிறு படகில் ஏறினால் சுமார் பத்து நிமிடம். ஒரு படகுக்கு 12 பேர், ஆளுக்கு 4 வெள்ளி, ரொக்கமாக எடுத்துப் போங்கள். அக்கரையில் இறங்கிச் சுமார் மூன்று கிலோமீட்டர் நடக்கலாம், அல்லது சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம். வாசலில் சைக்கிளை விட்டுவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அங்கே திட்டில் நினைத்தபடி இறங்கக் கூடாது. 2007-இல் திறந்த நடைபாலத்தின் மேல் நின்றுதான் பார்க்க வேண்டும். காலை 8.30 மணிக்குத்தான் திறக்கிறார்கள், மாலை 6 மணிக்கு மூடிவிடுவார்கள். அந்த நேரத்துக்குள் வருகிற வற்றமாகப் பார்த்துப் போங்கள். பாலத்தில் பழுதுபார்ப்பு ஏதும் நடக்கிறதா என்று தேசியப் பூங்காக் கழகமான என்பார்க்ஸின் இணையத்தளத்தில் முன்னாலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

செக் ஜாவா இன்று இருப்பதே ஒரு தப்பிப்பு. அங்கே நிலமீட்பு செய்ய, அதாவது கடலைத் தூர்த்து நிலமாக்க, திட்டம் இருந்தது. 2001-இல் செய்தி பரவி, மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்து, அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதி, ஆய்வாளர்கள் அறிக்கை கொடுத்து, அந்த ஆண்டுக் கடைசியில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அந்தப் பாலத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும். விடுதலை பெற்றபோது சுமார் 581 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூர் இன்று 730-ஐத் தாண்டிவிட்டது. நிலம் கூடியதில் நமக்கெல்லாம் வீடு கிடைத்தது, விமான நிலையம் கிடைத்தது. அந்த நிலத்தில் ஒரு பகுதி முன்பு ஆழமில்லாத கடலாக, புல் திட்டாக இருந்தது என்பதும் உண்மை.

தெற்கே செமக்காவ் தீவிலும், ஜூரோங் தீவுக்கும் புக்கோம் தீவுக்கும் இடையே இருக்கும் சைரீன் திட்டிலும் இன்னும் அடர்ந்த புல்வெளிகள் உண்டு. அங்கே போக அனுமதியும் படகும் வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கையில், காலில்

காலை முழுவதும் மூடும், நழுவாத காலணி. செருப்பு கூடாது. கணுக்கால்வரை மறைக்கும் கால்சட்டை, தொப்பி, தண்ணீர், கைவிளக்கு. தொலைபேசியைத் தண்ணீர் புகாத பையில் போடுங்கள். ஒரு சிறிய அளவுகோல், ஒரு பென்சில், ஒரு நோட்டு. பேனா மை நனைந்தால் போய்விடும், பென்சில் நிற்கும். அரை மீட்டர் நீளத்தில் நான்கு பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய சதுரச் சட்டம் ஒன்று இருந்தால் மிக நல்லது. வாளியும் வலையும் வேண்டாம். என்பார்க்ஸ் பராமரிக்கும் பூங்காக்களிலும் காப்பகங்களிலும் உயிர்களையோ செடிகளையோ எடுப்பது சட்டப்படி கூடாது. கோவிட் காலத்துக்குப் பிறகு சாங்கியில் குடும்பம் குடும்பமாக வந்து வாளி வாளியாக அள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் ஆசையில் செய்வது, திட்ட மனம் வராது. பக்கத்தில் போய், “தம்பி, இது வீட்டுக்கு வந்தா செத்துப்போகும், இங்கேயே வச்சுப் பார்ப்போம் வா” என்றால் பெரும்பாலும் கேட்கிறார்கள்.

தனியாகப் போகாதீர்கள். மின்னல் எச்சரிக்கையை மைஎன்வி செயலியில் பாருங்கள். திறந்த திட்டில் நிற்கும் ஆள்தான் அந்த இடத்திலேயே உயரமான பொருள்.

இறங்குமுன் கரையில்

வந்தவுடன் கடலை நோக்கி ஓடாதீர்கள். முந்தைய ஏற்றத்தின்போது நீர் வந்து நின்ற கோட்டில் குப்பையும் இலையும் ஒதுங்கிக் கிடக்கும். அங்கே ஐந்து நிமிடம் செலவிடுங்கள். அறுந்து ஒதுங்கிய கடற்புல் இலைகள் அதில் இருக்கும். எதையும் பிடுங்காமல், கையிலெடுத்துப் பழக உகந்த இடம் இதுதான். எந்த வகைப் புல் எதிரே வளர்கிறது என்பதற்கு முதல் துப்பும் இங்கேதான் கிடைக்கும்.

நீளமான இலை ஒன்றை எடுத்து வானத்துக்கு எதிரே பிடியுங்கள். நரம்புகள் கோடு கோடாக ஓடுவது தெரியும். பாசியில் இந்தக் கோடுகள் இல்லை. இலையின் ஒரு முனை பச்சையாகச் சுத்தமாக இருக்கும். மறுமுனை வெள்ளைப் புள்ளியும் பழுப்புப் படலமுமாக, தூசு படிந்ததுபோல் இருக்கும். கடற்புல் இலை அடியிலிருந்து வளர்வது, அதனால் நுனிதான் மூத்தது. நுனியில் ஒட்டியிருப்பவை நுண்பாசிகளும், சுண்ணாம்புக் குழாய் கட்டி வாழும் மிகச் சிறிய புழுக்களும். ஒற்றை இலையிலேயே இளமையும் முதுமையும் வரிசையாக இருக்கின்றன. பார்த்தபின் எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள். நத்தையும் நண்டும் அதைத் தின்ன வரும்.

கால் வைப்பது

மணல் கெட்டியாக இருக்கும் இடமாகப் பார்த்து, பாதத்தைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தண்ணீரில் தேய்த்தபடி மெதுவாக நடங்கள். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கைக்கு அந்த அதிர்வு போய்ச் சேரும், அது விலகிவிடும். கல்மீன் விலகாது. பெயருக்கேற்றபடி கல்லாகவே கிடக்கும். முதுகுமுள்ளில் கடுமையான விஷம் உண்டு. குத்திவிட்டால் தோல் தாங்கும் அளவு சூடான தண்ணீரில் காலை அமிழ்த்திவைத்து, உடனே 995-ஐ அழையுங்கள். ஒரு பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போகும் பழக்கம் எனக்கு உண்டு, உங்களுக்கும் சொல்வேன்.

சேறு இன்னொரு விஷயம். முதல் வருடம் ஒரு திட்டின் ஓரத்தில் என் கால் முழங்கால்வரை புதைந்தது. பதறி நேராக இழுத்ததில் இன்னும் ஆழமாகப் போனது. கூட வந்தவர், “அசையாதீங்க, குதிகாலை முதல்ல தூக்குங்க” என்றார். குதிகாலைத் தூக்கியதும் பாதத்துக்கு அடியில் காற்று புகுந்து சேறு பிடியை விட்டது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நேராக இழுக்காமல், குதிகாலை முதலில் தூக்கிச் சாய்த்து எடுக்க வேண்டும். கறுப்பாக மினுங்கும் இடங்களைச் சுற்றிப் போங்கள். வடக்குக் கரையோரம் முதலைகளும் உண்டு. சுங்கை பூலோவில் அடிக்கடி தென்படும். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் நீரோரம் போகாதீர்கள்.

புல்லின் மேல் நடக்காமல் இருப்பது முடிந்த அளவுக்குத்தான் சாத்தியம். மணல் இடைவெளிகளில் கால் வையுங்கள். ஒருவர் நடந்த தடத்திலேயே அடுத்தவரும் நடங்கள்.

ஒரு முழச் சதுரம்

சட்டத்தைப் புல் உள்ள ஓர் இடத்தில் மெதுவாக வையுங்கள். சட்டம் இல்லையென்றால் நான்கு மூலையிலும் காலியான கிளிஞ்சல் வையுங்கள். இனிப் பத்து நிமிடம் இங்கேதான்.

முதல் இரண்டு நிமிடம் எதுவும் தெரியாது. நனைந்து சாய்ந்த இலைகள், சேறு, அவ்வளவுதான். பிறகு கண் பழகும். எல்லா இலையும் ஒரே பக்கம் படுத்திருப்பது தெரியும், நீர் வடிந்த திசை அது. குட்டைபோல் நீர் தேங்கிய இடத்தில் வெயில் பட்டால் இலை விளிம்புகளில் ஊசிமுனையளவு குமிழிகள் வரிசையாக நிற்கும். இலை ஒளியைக் கொண்டு உணவு செய்யும்போது வெளியேறும் ஆக்சிஜன் அது. கடலுக்கடியில் ஒரு செடி மூச்சு விடுவதை இவ்வளவு பக்கத்தில் பார்க்கக் கிடைக்கும் இடம் வேறு எனக்குத் தெரியாது.

இப்போது இலையின் வடிவத்தைப் பாருங்கள். பெயரெல்லாம் இங்குள்ள ஆர்வலர்கள் ஆங்கிலத்தில் சொல்வதையொட்டி நான் தமிழில் சொல்லிக்கொள்பவை.

சிறு கரண்டிபோல நீள்வட்ட இலை, ஜோடி ஜோடியாக மெல்லிய காம்பில் நின்றால் அது கரண்டிப்புல், ஹாலோஃபிலா ஓவாலிஸ். வடக்குக் கரையில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் இதுதான். தொலைபேசி விளக்கை இலைக்குக் கீழே பிடித்தால் நடுநரம்பிலிருந்து பக்க நரம்புகள் மீன்முள்போல் பிரிவது தெரியும். பக்க நரம்புகள் பத்து ஜோடிக்கு மேல் இருக்கும். இலை மிகச் சிறியதாகவும் நரம்பு ஏழு எட்டு ஜோடிக்குள்ளும் இருந்தால் அது அதன் தங்கை, ஹாலோஃபிலா மைனர்.

அருகம்புல்லைவிட ஒல்லியான, தட்டையான இலையென்றால் நுனியைப் பாருங்கள். இங்கேதான் அளவுகோலைவிடப் பொறுமை தேவை. ஈர இலையின் நுனியை விரலால் தாங்கி, தொலைபேசிக் கேமராவில் பெரிதாக்குங்கள். மூன்று பல் உள்ள திரிசூலம்போல் இருந்தால் ஹாலோடியூல் யூனிநெர்விஸ், மழுங்கிய நுனியென்றால் ஹாலோடியூல் பினிஃபோலியா. நுனியை ஏதாவது தின்றிருந்தால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அப்போது “ஊசிப்புல்” என்று மட்டும் எழுதிவையுங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவதைவிட அது பயனுள்ள குறிப்பு.

புளியங்கொழுந்துபோல ஒரே தண்டின் இருபுறமும் சிற்றிலைகள் அடுக்கினால் அது ஹாலோஃபிலா ஸ்பினுலோசா. சாங்கியிலும் செக் ஜாவாவிலும் காணலாம், பெரும்பாலும் நீர் கடைசியாக வடியும் தாழ்ந்த இடங்களில்.

பிறகு பெரியது ஒன்று: நாடாப்புல், ஏன்ஹாலஸ் அக்கோராய்டிஸ். நாடாபோல ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அகலம், ஒரு மீட்டரையும் தாண்டும் நீளம். அடியில் தென்னைநார்போலக் கறுப்பு நார்கள் கற்றையாக நிற்கும், உதிர்ந்த பழைய இலைகளின் மிச்சம். இதன் பூவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பெண்பூ ஒரு நீண்ட காம்பின் நுனியில் நீர்மட்டம்வரை எட்டி, கசங்கிய பட்டுத்துணிபோல வெள்ளை இதழ் விரிக்கும். ஆண்பூக்களோ தாய்ச்செடியின் அடியிலிருந்து அறுந்து, குமிழிகளோடு மேலே வந்து, நீரின் மேல் மிதக்கும். ஒவ்வொன்றும் தெர்மோகோல் துகள் அளவுதான். முதல் தடவை அவற்றைப் பார்த்தபோது யாரோ பெட்டி உடைத்துக் கொட்டிய குப்பை என்று நினைத்து அள்ளப் போனேன். உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் மூன்று இதழ். காற்று அவற்றைத் தள்ளித் தள்ளிப் பெண்பூவில் சேர்க்கும். சூல் கொண்டதும் அந்த நீண்ட காம்பு ஸ்பிரிங்போலச் சுருண்டு காயைக் கீழே மண்ணருகே இழுத்துக்கொள்ளும். நல்ல வற்ற நாட்களில்தான் இது நடக்கும், அதாவது நீங்கள் இறங்குகிற அதே நாட்களில்.

தெற்குத் தீவுகளுக்குப் போகும்போது மேலும் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: அரிவாள்போல வளைந்து, துருநிறக் கீற்றுகள் உள்ள தலாசியா, சேமியாபோல உருண்ட இலையுள்ள சிரிங்கோடியம்.

சதுரத்தில் எவ்வளவு பங்கு புல் மூடியிருக்கிறது என்று கண்ணால் மதிப்பிடுங்கள். பத்துச் சதவீதமா, பாதியா? இலை நீளம் அளந்து எழுதுங்கள். பச்சைக் காகிதம்போல மெல்லிய பாசி, கடல்கீரை என்பார்களே அது, புல்லின் மேல் போர்த்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது சில மாதங்களில் திட்டு முழுவதும் படர்ந்து, கீழே உள்ள புல்லுக்கு வெளிச்சம் போகாமல் செய்துவிடும்.

புல் ஏன் இங்கே, ஏன் அங்கே இல்லை

பத்து நிமிடம் ஆனதும் எழுந்து சுற்றிப் பாருங்கள். ஏன் இந்தத் திட்டில் புல், இருபது அடி தள்ளி வெறும் மணல்? புதியவர்கள் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். என் பார்வையில் வாழிடத்தைப் படிக்கத் தெரிவதுதான் பெயரைவிட முக்கியம்.

ஒன்று, வெளிச்சம். தண்ணீரின் மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காவது இலைக்குப் போய்ச் சேர வேண்டும். நம் கடல் கலங்கல் கடல், அதனால் ஆழம் கொஞ்சம் கூடினாலே இருட்டு. அதனால் புல் மேலே வர வேண்டும். ரொம்ப மேலே வந்தால் வற்றத்தில் வெயிலில் காய்ந்து இலை பழுப்பாகக் கருகும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டைபோல இடம், அதில்தான் புல்லின் வாழ்க்கை. செக் ஜாவாவில் மணல்மேடுகள் அலையைத் தடுத்து, உள்ளே வற்றத்திலும் கொஞ்சம் நீர் தேங்கும் பள்ளம் இருப்பதால் அங்கே புல்லுக்கு வசதி.

இரண்டு, உப்பு. வடக்கே இருப்பது ஜோகூர் நீரிணை, கழிமுகக் கடல். ஜோகூர் ஆறு தன் நன்னீரைத் தெக்கோங், உபின் பக்கமாகத்தான் கொண்டுவந்து கொட்டுகிறது. சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்க 1924-இல் திறந்த கடற்பாலம் நீரிணையை நடுவில் அடைத்து நிற்பதால், நீர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தடையின்றி ஓட வழியில்லை. மழைக்கால உப்பும் வெயில்கால உப்பும் ஒன்றல்ல. நன்னீர் இலேசானது, உப்புநீரின் மேல் மிதந்து பரவும். வற்றத்தில் ஆழமில்லாத திட்டு முழுக்க அதிலே தோய்ந்துவிடும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூரில் பெருமழையும் வெள்ளமும் வந்தபோது செக் ஜாவாவில் இதுதான் நடந்தது. கடற்பஞ்சுகளும் கடற்சாமந்திகளும் நட்சத்திர மீன்களும் கூட்டமாக மடிந்தன. நகர முடியாதவை முதலில் போயின. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. அதனால் பெருமழைக்கு அடுத்த வாரம் நீங்கள் எடுக்கும் குறிப்பு மற்ற எந்த வாரத்தையும்விட மதிப்புள்ளது. நோட்டில் கடைசியாக மழை பெய்த நாளையும் எழுதுங்கள்.

உப்பு ஏறி இறங்கினாலும் தாங்கும் புல்லும் உண்டு. ஹாலோஃபிலா பெக்காரி என்ற சின்னஞ்சிறு புல், கழிமுகச் சேற்றையே வீடாகக் கொண்டது. உலக அளவில் அழியும் ஆபத்துள்ள வகைகளில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். வடக்குக் கரையின் கண்டல் காடுகளுக்கு முன்னால் உள்ள சேற்றில் வளரும். விரல்நகம் அளவு இலை, சேறு பூசியிருந்தால் கண்ணுக்கே படாது.

மூன்று, மண். சேற்றை ஒரு விரலால் கீறினால் மேலே பழுப்பு, அரை அங்குலம் கீழே கறுப்பு, அழுகிய முட்டை வாடை. கறுப்பு மண்ணில் ஆக்சிஜன் இல்லை. புல் என்ன செய்கிறது தெரியுமா? இலையில் உண்டாகும் ஆக்சிஜனைத் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாக வேருக்கு அனுப்புகிறது. அங்கிருந்து கொஞ்சம் மண்ணுக்குள் கசிகிறது. நண்டு வளையோ நீரோட்டமோ அரித்து வேர் வெளியே தெரியும் இடத்தில் பாருங்கள், கறுப்பு மண்ணில் வேரைச் சுற்றி மட்டும் துருநிற வளையம் இருக்கும். மண்ணிலுள்ள இரும்பு அந்த ஆக்சிஜன் பட்டுத் துருவேறிய நிறம் அது.

புல்வெளியின் ஆட்கள்

ஒருமுறை தொண்டிப் பக்கத்திலிருந்து மகனைப் பார்க்க வந்த அம்மா ஒருவர் எங்களோடு சாங்கிக்கு வந்தார். புல்லைப் பார்த்த உடனே, “தம்பி, இது ஊர்ல நண்டு வலைய இழுத்தா கூடவே வர்ற புல்லுடா. இது இருக்குற எடத்துலதான் நண்டு நிக்கும்” என்றார் மகனிடம். அவ்வளவு துல்லியமாக எந்த வழிகாட்டியும் சொன்னதில்லை. தேக்கா சந்தையில் வாங்குகிற நீல நண்டின் குஞ்சுகளும், சீனப் புத்தாண்டு சமயத்தில் முட்டையோடு விலை ஏறும் ஓரா மீனும் இந்தப் புல்லுக்குள் வளர்பவை. புல்லைப் பிரித்துப் பார்க்காமல் மேலிருந்தே பாருங்கள், தானாக வெளியே வருவார்கள்.

அதே அம்மாவுக்குக் கடற்பசுவும் தெரிந்திருந்தது. பாக் நீரிணைப் பகுதியில் 2022-இல் தமிழ்நாட்டு அரசு கடற்பசுவுக்குத் தனிக் காப்பகம் அறிவித்தது. இங்கேயும் கடற்பசு வருகிறது, ஆனால் அதை நேரில் பார்ப்பது அபூர்வம். மேய்ந்த தடத்தைப் பார்க்கலாம்: புல்வெளிக்கு நடுவே சுமார் ஒரு சாண் அகலத்தில் வளைந்து வளைந்து போகும் வெறும் மண் கோடு. சாங்கி, செக் ஜாவா, சைரீன் ஆகிய இடங்களில் இப்படித் தடங்கள் கண்டிருக்கிறார்கள். கண்டால் மிதிக்காமல், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள்.

குறிப்பும் திரும்புதலும்

தேதி, நேரம், ஓத உயரம், இடம், புல் வகை, மூடியிருக்கும் அளவு, இலை நீளம், மழை. ஒரு சதுரத்துக்கு இவ்வளவு போதும். படங்களை ஐநேச்சுரலிஸ்ட் என்ற இயற்கைப் பதிவுத் தளத்தில் போட்டால் தெரிந்தவர்கள் பெயரைச் சரிபார்ப்பார்கள். இதிலேயே மனம் நின்றுவிட்டால் டீம்சீகிராஸ் தன்னார்வலர்களோடு சேரலாம். 2007 முதல் அவர்கள் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய சீகிராஸ்-வாட்ச் முறைப்படி புல்வெளிகளை அளந்துவருகிறார்கள். 50 மீட்டர் நீளத்தில் மூன்று கோடுகள், ஐந்து மீட்டருக்கு ஒன்றாக அரை மீட்டர் சதுரம், மொத்தம் 33 சதுரங்கள். நீங்கள் சாங்கியில் குந்தி உட்கார்ந்து ஒரு சதுரத்துக்குச் செய்ததை அவர்கள் 33 தடவை செய்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சதுரத்தை விட்டு வருமுன் அது இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் மீனவர்கள் கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துக் கடலில் இடம் கண்டுபிடிப்பார்கள். அதே முறைதான்: ஒரு விளக்குக் கம்பமும் அதன் பின்னால் ஒரு மரமும் ஒன்றையொன்று மறைக்கும் கோட்டில் நில்லுங்கள், அதன்பின் கரையிலிருந்து எத்தனை அடி என்று நடந்து எண்ணுங்கள். தொலைபேசியின் வரைபடம் சில மீட்டர் தவறலாம், கம்பமும் மரமும் தவறாது.

நீர் திரும்பும்போது முதல் ஒரு மணி நேரம் மெதுவாக ஏறும், நேரம் இருக்கிறது என்று தோன்றும். மூன்றாம், நான்காம் மணியில்தான் வேகம். மெதுவாக ஏறும்போதே கிளம்புங்கள். வருகிற வழியில் தாழ்ந்த ஓடை இருந்ததா என்று நினைவில் வையுங்கள், அதுதான் முதலில் நிரம்பி உங்களுக்கும் கரைக்கும் நடுவே நிற்கும்.

கணுக்கால் நனையும் இடத்தில் ஒரு நிமிடம் மட்டும் நின்று பாருங்கள். காலையிலிருந்து சேற்றில் ஒட்டிப் படுத்திருந்த இலைகள் நீர் வந்ததும் ஒவ்வொன்றாக எழும். இலைக்குள் காற்றறைகள் இருப்பதால் தாமாகவே நிமிரும். ஒரு விரல் ஆழம் வந்ததுமே திட்டு முழுவதும் நின்று ஆடத் தொடங்கிவிடும்.

வீட்டுக்கு வந்து காலணியை நன்னீரில் கழுவிக் காயவையுங்கள், குறிப்பை அன்றிரவே தெளிவாக எழுதிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து ஏறத்தாழ இதே நேரத்தில் மறுபடி பெரிய வற்றம் வரும். அட்டவணையில் உயரத்தைப் பார்த்து அந்தத் தேதியை நாள்காட்டியில் வட்டமிடுங்கள். பக்கத்திலேயே கம்பம், மரம், அடிக்கணக்கு மூன்றையும் எழுதிவையுங்கள்.